கட்சி தெரிந்த வாத்தியார்

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் எந்த வாத்தியார் எந்தக் கட்சி என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்கே அத்துப்படி. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கணக்கு வாத்தியார் கதர். 1975 அக்டோபரில் காமராசர் மறைந்த வாரம், பள்ளிக்கு வந்தும் சாக்பீஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நாங்களும் சத்தம் போடவில்லை. தமிழய்யா திமுக. மடித்த முரசொலி அவருடைய துணிப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும். டிரில் மாஸ்டர் எம்ஜிஆர் ஆள். 1972இல் அதிமுக பிறந்த பிறகு அவரும் தமிழய்யாவும் சேர்ந்து டீ குடிக்கப் போவதை நிறுத்திவிட்டார்கள் என்பது எங்களுக்கு முந்தைய செட் சொல்லிவிட்டுப் போன வரலாறு. சரித்திர வாத்தியார் கம்யூனிஸ்ட். சங்க ரசீதுப் புத்தகம் எந்நேரமும் கையில் இருக்கும். ஹெட்மாஸ்டர் எந்தக் கட்சி என்று மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே அவரிடம் கொஞ்சம் கூடுதல் பயம்.

ஆசிரியரும் கட்சிக்காரரும் ஒரே ஆளாக இருப்பதை அன்று யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. க. அன்பழகன் 1944 முதல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். ராமையா என்ற பெயரை மாற்றிக்கொண்டவர். 1949இல் திமுக தொடங்கியபோது முன்வரிசையில் நின்றவர். பகலில் வகுப்பு, மாலையில் மேடை. 1957இல் சட்டமன்ற உறுப்பினராகும்வரை இரண்டும் ஒன்றாகவே ஓடின. 1962இல் சட்ட மேலவைக்குப் போனார். அதுவும் ஆசிரியர் தொகுதியிலிருந்து. பின்னாளில் கல்வி அமைச்சராகவும் இருந்தார்.

ஆசிரியர் தொகுதி என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கும். மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களுக்கு ஆசிரியர்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 171ஆம் பிரிவு. மூன்றாண்டாவது பாடம் நடத்தியிருக்க வேண்டும், அதுவும் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில். ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்கு அந்த ஓட்டு கிடையாது. ‘அ’ போடச் சொல்லிக் கொடுத்தவரை ஏனோ விட்டுவிட்டார்கள். எப்படியோ, ஆசிரியருக்கு அரசியல் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டு அதற்கொரு நாற்காலியும் போட்டு வைத்திருந்தது. 1986 நவம்பர் 1 அன்று, எம்ஜிஆர் ஆட்சியில், தமிழகத்தில் மேலவையே இல்லாமல் போனது. நாற்காலியும் போனது.

கட்சி தெரிந்ததற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. பேராசிரியர் சி. இலக்குவனார் 1952 பொதுத்தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்ற ஜி.டி. நாயுடுவை ஆதரித்தார். விருதுநகரில் பார்த்த கல்லூரி வேலை போனது. 1965இல் மதுரையில் பேராசிரியராக இருந்தபோது, தமிழ்வழிக் கல்வி கேட்டுச் சென்னைவரை நடைப்பயணம் போவதாக அறிவித்தார். கைது செய்தார்கள்; வேலை மறுபடியும் போனது. ஆனால் அவர் எதற்காக நின்றார், என்ன பேசினார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆதரித்தவர்களும் விரட்டியவர்களும் முழு மனிதரையும் அறிந்தே அதைச் செய்தார்கள்.

கதரும் பெயரும் முரசொலியும் வெளி அடையாளம்தான். நிஜ அரசியல் பாடத்துக்குள் இருந்தது. 1943இல், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்துவது சரியா என்று அண்ணா இரண்டு பேரோடு வாதிட்டார். ஒருவர் ரா.பி. சேதுப்பிள்ளை, மற்றவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். இருவருமே தமிழ்ப் பேராசிரியர்கள். ‘தீ பரவட்டும்’ என்று அந்த வாதம் நூலாகி ஊர் ஊராகப் போனது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம், தமிழ் வகுப்பில் கம்பனை எடுத்தாலே வாத்தியாரின் கட்சி வெளியே வந்துவிடும். மறைந்து நின்று வாலியை அடித்தது நியாயமா என்ற கேள்விக்கு எங்கள் தமிழய்யா மூன்று பீரியட் எடுத்துக்கொண்டார். வாலிக்கு அவர்தான் வக்கீல். பக்கத்து செக்‌ஷனுக்கு வந்த தமிழாசிரியர் காங்கிரஸ்காரர், கம்பன் கழகத்து ஆள். அவர் ராமன் பக்கம். மதிய இடைவேளையில் இரண்டு செக்‌ஷனும் வேப்பமரத்தடியில் அந்த வழக்கை மறுபடி நடத்துவோம். பரீட்சையில் எந்தப் பக்கம் எழுதினாலும் சரி, செய்யுளை அடி பிசகாமல் எழுதியவனுக்கு முழு மார்க். இரண்டு ஐயாக்களுமே அதில் சுத்தம்.

1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலை ஏற்கனவே அமலில் இருந்தது. அதுவரை அதை ஓரளவு தள்ளி வைத்திருந்த தமிழகத்தில் இப்போது கைதுகள் தொடங்கின. அடுத்த சில மாதம் தமிழய்யா இலக்கணம் மட்டும் நடத்தினார். புணர்ச்சி விதி, யாப்பு, அணி. கம்பன் பக்கமே போகவில்லை. நன்னூலில் இவ்வளவு பகுதி இருக்கிறது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பயம் வந்தால் ஓர் ஆசிரியர் எங்கே போய் ஒளிவார் என்பதை அப்படித்தான் பார்த்தேன். இந்தக் காலத்து ஆசிரியர்களைப் பார்க்கும்போது அந்த இலக்கண மாதங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத வரவில்லை. தேர்தல் முடிவு வந்த மறுநாள், ‘என்னடா, உங்கப்பன் கட்சிக்கு டெபாசிட்டே போச்சாமே’ என்று ஒரு பையனை எழுப்பி நிறுத்திக் கேட்டவரும் அதே பள்ளியில்தான் இருந்தார். வகுப்பே சிரித்தது, அவன் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்சிப் பேச்சு என்ற பெயரில் சாதிப் பேச்சு பேசியவர்கள் இருந்தார்கள். இந்தச் சாதிக்காரன் எம்எல்ஏ ஆனால் ஊர் உருப்படுமா என்று ஒருவர் கேட்டபோது, அந்தச் சாதிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் போய்ச் சொன்னால் யார் நம்புவது? நம்பினாலும் யார் போய்க் கேட்பது? சுவருக்குள் பேசியது சுவருக்குள்ளேயே போனது. வாத்தியாருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டது கேமரா வந்த பிறகுதான் என்பது பொதுவான எண்ணம். அது சரியல்ல. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973இல் வந்தவை. அரசு ஊழியர் அரசியல் கட்சியில் உறுப்பினராக இருக்கக் கூடாது, தேர்தலில் வேலை செய்யக் கூடாது, ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று வெளியே சொல்லக் கூடாது என்பது அவற்றின் சாரம். இதற்கு நியாயமும் இருக்கிறது. தேர்தல் அன்று வாக்குச்சாவடியில் பட்டியலைச் சரிபார்ப்பவரும் விரலில் மை வைப்பவரும் பெரும்பாலும் வாத்தியார்கள்தான். ஆனால் வெகுகாலம் அந்த விதி புத்தகத்தில் மட்டும் இருந்தது. பல் முளைத்தது 2003இல். அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர்களில் சுமார் 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது. வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் சொன்னது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் திரும்ப உள்ளே வந்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்த ஒருவர் அடுத்த வாரம் வகுப்பில் நின்று ஜனநாயகம் பற்றிப் பாடம் எடுக்கும்போது குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகின. அங்கே பணிப் பாதுகாப்பும் இல்லை, பெரும்பாலும் சங்கமும் இல்லை. ஜூனில் சேர்ந்து ஏப்ரலில் நிற்கும் டீச்சரிடம் கட்சி கேட்டால் சிரிப்பார். சீருடைச் சேலையில் கதருக்கும் கறுப்புக்கும் இடமில்லை.

இப்படிப் பாதி அடங்கியிருந்த வகுப்பறை 2020இல் செல்போனுக்குள் போனது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கல்வித் தொலைக்காட்சிதான். 2019 ஆகஸ்டில் தொடங்கிய அது தொற்றுக் காலத்தில் கைகொடுத்தது. மாநிலம் முழுக்க ஒரே ஆசிரியர், ஒரே பாடம், முன்கூட்டியே பதிவானது. அதில் அரசியல் எட்டிப் பார்க்க வழியே இல்லை. திருநெல்வேலியும் கிருஷ்ணகிரியும் எட்டிப் பார்க்கவும் வழி இல்லை. வேடிக்கையெல்லாம் தனியார் பள்ளிகளின் நேரலை வகுப்பில்தான்.

2020 கடைசியில் தங்கை வீட்டில் இருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் படித்த அவள் மகளின் வகுப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். குடிமையியல் பாடம்; தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள். சார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். புத்தாண்டுக்கு வட்டச் செயலாளர்கள் வீடு வீடாகக் கொடுப்பார்களே, அந்த ரகம். தலைவர் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தது. ஜாக்கிரதைப் பேர்வழிதான். தேர்தல் ஆணையம் பற்றிய ஒரு வீடியோவைக் காட்ட யூடியூபைத் திறந்து திரையைப் பகிர்ந்தார். வலது ஓரத்தில் பரிந்துரை வரிசை விழுந்தது. மேலிருந்து கீழே ஒரே தலைவரின் மேடைப் பேச்சுகள், நடுவில் ஒரு சுண்டைக்காய் வத்தக்குழம்பு. அவர் வாயைத் திறக்கவே இல்லை. நாற்பது வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சாட் பெட்டியில் ஒருவன் சூரியன் பொம்மை போட்டான். இன்னொருவன் இலை போட்டான். மூன்றாமவன் தாமரை. சார் சாட்டை முடக்கிவிட்டு, ‘புக்கை எடுங்க, பக்கத்தைப் பார்த்து வாசிங்க’ என்றார். மிச்ச நேரம் முழுக்க வாசிப்புதான். தேசியக் கட்சி என்றால் என்ன, மாநிலக் கட்சி என்றால் என்ன, அங்கீகாரம் பெற எத்தனை சதவீத வாக்கு வேண்டும். வாசலில் சுவர் விளம்பரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. வகுப்பில் ஒரு கட்சியின் பெயர்கூடச் சொல்லப்படவில்லை.

என் தங்கை மகள் படித்தது அவளுடைய போனில் அல்ல, மாப்பிள்ளையின் போனில். பெரும்பாலான வீடுகளில் கதை அதுதான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருந்த எண்கள் எல்லாம் அப்பாக்களுடையவை, அம்மாக்களுடையவை. அதில் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் இருப்பார், எதிர்க்கட்சி வார்டு ஆள் இருப்பார், போலீஸ்காரர் இருப்பார், பள்ளித் தாளாளரின் மச்சினன் இருப்பார். வாத்தியார் தன் தம்பிக்கும் பழைய கல்லூரித் தோழர்களுக்கும் என்று வைக்கும் ஸ்டேட்டஸ், இரு பக்கமும் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் இத்தனை பேருக்கும் போகிறது. அன்றைய ஆசிரியரைக் கேட்டவர்கள் நாற்பது பிள்ளைகள். நாளையும் அவரைப் பார்க்கப் போகிறவர்கள், அவர் பரீட்சைப் பணம் கட்டிய பையன் யார் என்பதும் தெரிந்தவர்கள். கருத்தோடு ஆளும் சேர்ந்தே வந்தார். இன்று கருத்து மட்டும் தனியாக ஊர் சுற்றுகிறது. ஆசிரியர்களுக்கு அரசியல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று விவாதம் நடத்துகிறார்கள். எனக்கு மாற்றமாகப் படுவது அது இல்லை; வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார் என்பதே மாறிவிட்டது.

கோலாப்பூரில் ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு நடந்தது இதற்குச் சரியான சாட்சி. ஆசிரியர்களும் பெற்றோரும் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் அவரும் இருந்தார். 2022 ஆகஸ்டில் இரண்டு ஸ்டேட்டஸ் வைத்தார். காஷ்மீரின் சிறப்பு நிலை நீக்கப்பட்ட ஆகஸ்ட் 5 கறுப்பு நாள் என்பது ஒன்று. ஆகஸ்ட் 14க்குப் பாகிஸ்தானுக்குச் சுதந்திர நாள் வாழ்த்து மற்றொன்று. பிரிவினரிடையே பகை வளர்த்ததாக 153ஏ பிரிவில் வழக்கு. உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் அதை ரத்து செய்தது. அரசின் முடிவைக் கண்டிக்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு, இன்னொரு நாட்டின் சுதந்திர நாளுக்கு வாழ்த்துச் சொல்வதில் குற்றம் இல்லை என்பது தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. ஆனால் இருபத்து நான்கு மணி நேரத்தில் தானாக மறைந்துபோகும் ஒரு ஸ்டேட்டஸுக்காக ஒன்றரை வருடம் வழக்கோடு அலைய வேண்டியிருந்தது.

பயிற்சி நிறுவனங்களின் உலகம் இன்னும் வேகம். 2023 ஆகஸ்டில் குற்றவியல் சட்டங்களை மாற்றும் மூன்று மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. அன்அகாடமியில் சட்டம் நடத்திய ஓர் ஆசிரியர், பழைய சட்டத்துக்குத் தான் தயாரித்த குறிப்புகளெல்லாம் வீணாகிவிட்டன என்று ஒரு காணொளியில் புலம்பினார். போகிற போக்கில், அடுத்த முறை படித்தவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை. அந்தத் துண்டு பரவிய சில நாளில் வேலை போனது. வகுப்பறை தனிப்பட்ட கருத்துகளைப் பகிரும் இடமல்ல என்று நிறுவனத்தின் இணை நிறுவனர் விளக்கம் கொடுத்தார். அர்விந்த் கெஜ்ரிவால் முதல் பலரும் இதைக் கண்டித்தார்கள். ‘படித்தவர்’ என்ற அளவுகோலே எனக்கு உடன்பாடில்லாதது. காமராசர் எவ்வளவு படித்தார் என்று கேட்டால் அந்த வாதம் நம்மூரில் ஒரு நிமிடம் நிற்காது. ஆனால் அதற்குப் பதில் அப்படிக் கேட்பதுதானே, வேலையை விட்டு எடுப்பதா? எங்கள் வேப்பமரத்தடியில் அந்தக் கருத்துக்கு ஒரு மதிய இடைவேளை போதும்.

பதிவு செய்வது தீமை மட்டுமே என்றும் சொல்ல முடியவில்லை. 2021 மே மாதம் சென்னைத் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீது மாணவிகளின் பாலியல் புகார்கள் வெளிவந்தன. இணைய வகுப்பை முழுக்கப் பதிவு செய்ய வேண்டும், அதை அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும், வகுப்பறைக்கு உரிய உடையில் வர வேண்டும் என்று அரசு சொன்னது அதன் பிறகுதான். அந்த உத்தரவுக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகளைக் காக்க வந்தது, வர வேண்டியதும்தான். எங்கள் கடைசி பெஞ்ச் பிள்ளைகளுக்கு அன்று அப்படியொரு பதிவு இருந்திருந்தால் அந்த வாத்தியார் வாயைத் திறந்திருக்க மாட்டார். அதே பதிவு தமிழய்யாவின் மூன்று பீரியட் வாலியையும் விட்டு வைத்திருக்காது. இரண்டில் ஒன்றை மட்டும் பிடிக்கிற கேமரா இல்லை.

கேமரா ஆசிரியருக்குத் துணை நின்றதும் உண்டு. 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் பேச வந்த ஒரு ஆன்மிகச் சொற்பொழிவாளர், முற்பிறவிப் பாவத்தால்தான் ஊனமாகப் பிறக்கிறார்கள் என்கிற தொனியில் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து மறுத்தார். வாக்குவாதம் முழுக்கக் காணொளியாகி வெளியே வந்தது. பேச்சாளர் கைதானார், தலைமையாசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டார். அந்தப் பதிவு இல்லாவிட்டால், விருந்தாளியை அவமதித்ததாக அந்தத் தமிழாசிரியருக்குத்தான் மெமோ வந்திருக்கும் என்பது என் ஊகம்.

பேசுவதற்காக வேலையையே விட்டவரும் உண்டு. 2017 செப்டம்பரில் அரியலூர் மாணவி அனிதா இறந்தபோது, திண்டிவனம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் நீட் தேர்வை எதிர்த்துப் போராட உட்கார்ந்தார். துறை நடவடிக்கை வரும் என்று தெரிந்ததும் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். பேச வேண்டும் என்றால் வெளியே போய்ப் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் உள்ளே இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. நீதிக்கட்சி, பெரியார், மொழிப் போராட்டம் எல்லாம் அதில் வரும். எங்கள் தமிழய்யா கையில் அது கிடைத்திருந்தால் ஒரு மாதம் ஓடியிருக்கும். இப்போது நடத்துகிற நண்பர் ஒருவரிடம் எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டேன். ‘அஞ்சு மார்க் கேள்வி ரெண்டு, மேப் எதுவும் இல்ல சார்’ என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் நன்னூலுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட அதே பதில்தான்.

அந்த நண்பரிடம் இரண்டு சிம் இருக்கிறது. ஒன்று பெற்றோர் குழுவுக்கு. டிபியில் திருவள்ளுவர், ஸ்டேட்டஸ் என்ற பேச்சே கிடையாது, வீட்டுப்பாடமும் விடுமுறை அறிவிப்பும் மட்டும். மற்றது சங்கக் குழுவுக்கு. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர் என்பதால் தனக்குக் கிடைக்காத பழைய ஓய்வூதியத் திட்டம்தான் அங்கே அவருடைய அரசியல், அதில் காலை எட்டு மணிக்குள் எண்பது செய்தி விழுந்திருக்கும். எந்தக் கட்சி ஏமாற்றியது, எந்தத் தலைவர் என்ன வாக்குறுதி கொடுத்தார், அடுத்த முறை யாருக்குப் பாடம் புகட்டுவது என்று எல்லாம் பெயர் சொல்லியே பேசுகிறார்கள். சில ஆடியோக்களைப் போட்டுக் காட்டினார். வாதம், மறுப்பு, நக்கல், பழைய தேர்தல் அறிக்கையிலிருந்து ஆதாரம், பிரமாதமாகப் பேசுகிறார்கள். ஒன்பதேகால் மணிக்கு முதல் மணி அடித்ததும் அந்த சிம்மை அணைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறார்.